பத்தொன்பது வீடும் ஒரு வாக்குமூலமும்

நவம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? வாயும் வயிறுமாக இருக்கும் உன் மனைவியைத் தண்ணீர்க் குடம் தூக்க விடாதே என்றேன். நீ எங்கே கேட்கப்போகிறாய்!

டிசம்பர் மழை வெள்ளத்துக்கு முன்னால் கால்வாயை அகலப்படுத்த அரசாங்கம் உத்தரவு போட்டுவிட்டது. அளந்து கோடு போட்ட பொறியாளர் நான்தான். உங்கள் தெருவில் பத்தொன்பது வீடு போகிறது, உன்னுடையது ஏழாவது. பன்னிரண்டாம் தேதி புல்டோசர் வரும். அதற்குள் என்னிடம் வந்துவிடுங்கள்.

அக்கா

நவம்பர் 8

அக்கா,

"உங்க அக்கா போட்ட கோடுதானேப்பா?" என்று பால்காரர்கூடக் கேட்கிறார். மாற்று வீடு தருகிறோம் என்ற உங்கள் அலுவலகம் ஒரு சாவிகூடக் காட்டவில்லை. நான் மட்டும் உன்னிடம் வந்துவிட்டால் மற்ற பதினெட்டுக் குடும்பம் எங்கே போகும்? வாசலிலேயே உட்காரப்போகிறோம்.

தம்பி

நவம்பர் 15

தம்பிக்கு,

சிறைக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பார்களாம். பார்க்கட்டும்.

உன் கையிலிருந்து செங்கல் பறந்ததைப் பார்த்தேன். "ஐயோ, கண்ணு தெரியலையே!" என்று புல்டோசர் ஓட்டுநர் கத்தியது காதை விட்டுப் போகவில்லை. அவருக்கு வலது கண் போய்விட்டது. போலீஸ் கேட்டபோது, எறிந்தது என் தம்பி என்று எழுதிக் கொடுத்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

உன் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

டிசம்பர் 2

அக்காவுக்கு,

எறிந்தது நான்தான். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன் நடந்ததையும் பார்த்தாயே! "அடிச்சு இழுங்கடா!" என்றது உன் மேலதிகாரி. உங்கள் ஆள் ஒருவன் ஓங்கிய தடி என் மனைவி வயிற்றில் விழுந்தது. சுருண்டு விழுந்தவளைத் தூக்கியது நீ. உன் கையெல்லாம் ரத்தம். குழந்தை தங்கவில்லை. வழக்கறிஞர் உன் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். அதில் செங்கல் மட்டும்தான் இருக்கிறது.

தம்பி

டிசம்பர் 22

தம்பிக்கு,

முந்தாநாள் கால்வாய் பொங்கியது. உங்கள் தெரு இருந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். ஓர் உயிரும் போகவில்லை. அலுவலகத்தில் கைதட்டினார்கள். "உங்க கோடு பத்தொன்பது குடும்பத்தைக் காப்பாத்திருச்சும்மா" என்றார் மேலதிகாரி.

"ஒரு குழந்தையக் கொன்னுட்டோமே சார்" என்றேன்.

நேராகக் காவல் நிலையம் போய், அவர் போட்ட உத்தரவு, தடி ஓங்கியவன் முகம், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலில் எழுதாதது வேலைக்குப் பயந்துதான். அந்த வேலை சாயங்காலமே போய்விட்டது. உன் மனைவியிடம் சொன்னேன். "அன்னிக்கே எழுதியிருக்கணும் அண்ணி" என்றாள்.

வெள்ளிக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறேன்.

அக்கா

டிசம்பர் 28

அக்கா,

வெள்ளிக்கிழமை நீ வெயிலில் வரிசையில் நின்றதை ஜன்னல் வழியே பார்த்தேன். மூன்று தடவை என்னைக் கூப்பிட்டார்கள். இறங்கி வர மனசு வரவில்லை.

நீ முதலில் அந்த ஓட்டுநர் வீட்டுக்குப் போ. நான் இங்கிருந்து கேட்க முடியாத மன்னிப்பை எனக்காகக் கேள். திட்டினால் வாங்கிக்கொள். அதற்கப்புறம் வா, இறங்கி வருகிறேன்.

தம்பி