அந்தக் கதவு எண்ணில் இத்தனை பேர்

அன்புள்ள அப்பா,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் எல்லாரும் படுத்தார்கள். நீங்கள் போய் இரண்டு கல்லறைத் திருநாள் கழிந்துவிட்டது. இன்னும் உங்களுக்குத்தான் எழுத வருகிறது.

புதுத் துறைமுகத்தில் வேலைக்கு வந்திருக்கும் இவருடைய தம்பிமார் கூடம் முழுக்கக் கிடக்கிறார்கள். கொடியில் தொங்கும் சட்டைகளின் உப்பும் வேர்வையும் கலந்த வாடை வீடெங்கும் வீசுகிறது. பிள்ளையின் தொட்டிலை அடுப்படிக்கு மாற்றிவிட்டேன். ஸ்டவ் புகையில் இருமுகிறான். ஒவ்வொரு இருமலுக்கும் எழுந்து நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன்.

நாளைக்குப் புன்னைக்காயலிலிருந்து இவருடைய சித்தப்பா மகனும் அவன் மனைவியும் வருவதாக இருக்கிறது. அவளுக்கு நிறைமாதம், பெரிய ஆஸ்பத்திரி இங்கே பக்கம். போன வாரம் பேச்சு வந்தபோதே, இடம் ஏது என்று இவரிடம் கேட்டேன். "ஒங்க பூட்டன் வீட்டுல ஊரே தங்குச்சுன்னு ஒங்கப்பா சொன்னாவல்லா. ஒனக்கு மட்டும் எடம் இல்லாமப் போச்சோ?" என்றார்.

நீங்கள் சொன்னதுதான். பள்ளி நாட்களில் கடற்கரைச் சாலையில் ஒரு சரக்குக் கிட்டங்கிச் சுவரைக் காட்டி, "அங்கனதான் இருந்துச்சு. கடலு மாதிரி வீடுல்லா. எத்தனை பேரு வந்தாலும் தாங்கும்" என்று கையை அகல விரிப்பீர்கள்.

அது எவ்வளவு பெரிதென்று பார்த்துவிடுவோம் என்று, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாதா கோயில் அலுவலகத்துக்குப் போனேன். முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களின் ஞானஸ்நானப் பதிவேட்டில், பூட்டனாரின் கதவு எண்ணிலேயே பிள்ளைக்குப் பின் பிள்ளை. தகப்பன்மார் ஊர் மணப்பாடு, வேம்பார், புன்னைக்காயல். முத்துக் குளிக்க வந்தவர்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கியிருக்கிறார்கள். எழுத்தர் அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "இது வீடாம்மா, சத்திரமா?" என்றார்.

முனிசிபாலிட்டியின் பழைய வரிப் பதிவில் அளவும் கிடைத்தது. ஓர் அறை, அதன் சுவரை ஒட்டி இறக்கிய ஒரு சாய்ப்பு, முற்றத்தில் கிணறு. அவ்வளவுதான் அப்பா, உங்கள் கடல்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞானத்தாயின் பெயர் எழுதும் இடத்தில் திரும்பத் திரும்பப் பூட்டியின் பெயர். அந்த ஓர் அறையில் பிறந்ததையெல்லாம் அவள்தான் கோயிலுக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். தன் பிள்ளைகளை எங்கே படுக்கவைத்தாள்? அது எதிலும் இல்லை. நீங்களும் வீட்டைப் பற்றித்தான் சொன்னீர்கள், அவளைப் பற்றிச் சொன்னதில்லை.

விடிந்தால் இவருக்குப் பதில் சொல்லவேண்டும். வரட்டும் என்றுதான் சொல்வேன் போலிருக்கிறது; வயிற்றுப்பிள்ளைக்காரியை வேறு எங்கே போகச் சொல்வது? ஆனால் எனக்கு ஒன்று தெரியவேண்டும். போதும், இனி என்னால் முடியாது என்று பூட்டி என்றைக்காவது சொன்னாளா? சொன்னபோது யாராவது காதில் வாங்கினார்களா?

ஹாஸ்டலிலிருந்து எழுதும்போது கடைசி வரியாக எழுதுவேனே, அதையே எழுதுகிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.