கொட்டியாரக்குடாவுக்கு ஒரு செயலி

மூதூர்
3 ஆகஸ்ட் 2025

அன்பின் ஹெக்டருக்கு,

இறைவன் அருளால் நானும் மனைவி லைலாவும் மகள் மின்ஹாவும் சுகம். நீயும், மட்டக்களப்பில் உன்னோடு இருக்கும் தங்கச்சி சீலாவும் சுகமாக இருக்க என் துஆ. போன் எடுக்காமல் இமெயிலில் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் எதைக் கதைத்தாலும் குசினியில் சமைக்கிற லைலாவுக்குக் கேட்கும். உன் போன் இதை உனக்கு வாசித்துக் காட்டும் என்று தெரியும். பக்கத்தில் சீலா இருந்தால் இயர்போனைக் காதுக்குள் செருகிக்கொண்டு கேள்.

போன மாதம் கண் கிளினிக்குக்குப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வையின் இரண்டு ஓரமும் அழிந்துவிட்டதாம். இடது பக்கம் மோசம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற நாள் தவறாமல் துளி மருந்து விட வேண்டும் என்றார் டொக்டர். மோட்டார் சைக்கிளைத் தொடவே கூடாதாம். லைலாவிடம், கண்ணாடி மாற்றச் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ பயப்படாதே. ஆட்களை ஏற்றுகிற லோஞ்ச் படகில் சுக்கான் பிடிப்பதை விட்டுவிட்டேன். மூதூரில் இருந்து திருகோணமலைக்குப் போகவும் வரவும் இப்போது சுகிர்தன்தான் ஓட்டுகிறான். என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தவன், நல்ல பழக்கம். நான் பின்னால் நின்று டிக்கெட் கிழிக்கிறேன்.

எனக்கு வேண்டியது வீட்டுக்குள் சமாளிக்க ஒரு வழி. தேத்தண்ணி ஊற்றினால் பாதி மேசைக்குப் போகிறது. உடுக்கிற கறுப்புச் சாரத்துக்கும் நீலச் சாரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உனக்குச் சீனி வருத்தத்தால் கண் போய் ஏழு வருடம் ஆகிறது. ஆனாலும் நீயே மீன் பொரித்துச் சாப்பிடுகிறாய் என்று சீலா சொன்னாள். என்ன செயலி வைத்திருக்கிறாய், என்ன சாமான் வாங்கினாய் என்று விபரமாக எழுது.

இப்படிக்கு,
கலீலுர் றஹ்மான்


மட்டக்களப்பு
6 ஆகஸ்ட் 2025

அன்பின் றஹ்மான்,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்க வைத்தேன். போன் எந்தத் துக்கத்தையும் செய்தி அறிக்கை மாதிரித்தான் வாசிக்கும். அதுவும் ஒரு வகையில் நல்லது.

சுக்கானை விட்டது நல்ல வேலை, மச்சான். அதைச் செய்ய எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

சரி, சாமானுக்கு வருகிறேன். கோப்பை விளிம்பில் கொழுவி விடுகிற சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. தேத்தண்ணி அதன் காலைத் தொட்டதும் கீச்சென்று கத்தும். இரண்டு வாங்கினேன், ஒன்றை உனக்குத் தபாலில் அனுப்புகிறேன். அதோடு ரப்பர் பொட்டுகளும் வரும். பின்னால் பசை இருக்கிறது. காஸ் அடுப்பின் திருகியில், அது அணைந்து நிற்கிற இடத்தில் ஒன்றை ஒட்டு. சோறு சமைக்கிற குக்கரின் பொத்தானில் ஒன்று. எல்லா இடத்திலும் ஒட்டாதே, நான் முதலில் அப்படி ஒட்டித்தான் எது எதுவென்று தெரியாமல் நின்றேன்.

போனில், கமராவைக் காட்டினால் எழுத்தை வாசிக்கிற செயலி இருக்கிறது. மருந்துப் போத்தல், கரண்டு பில், காசுத் தாள் எல்லாம் சொல்லும். நிறம் சொல்வதும் அதற்குள்ளேயே உண்டு, ஆனால் வெயிலில் பிடித்துக் கேள், மங்கலில் பொய் சொல்லும். இன்னொன்று எனக்கு மிக விருப்பமானது. பொத்தானை அமத்தினால் உலகத்தில் எங்கேயோ இருக்கும் ஒரு தொண்டர் உன் கமராவால் பார்த்து, முன்னுக்கு என்ன இருக்கிறது என்று தமிழில் சொல்வார். காசு இல்லை. யார் என்றும் கேட்க மாட்டார்.

சாமான் இல்லாத உபாயம் ஒன்று: வெள்ளைச் சோற்றைக் கடும் நிறச் சாப்பாட்டுக் கோப்பையில் போடு. மிச்சம் எவ்வளவு என்று தெரியும்.

லைலாவுக்குச் சொல். ஒளிப்பதற்கு என்று ஒரு செயலியும் இல்லை.

அன்புடன்,
ஹெக்டர்


மூதூர்
4 செப்டம்பர் 2025

அன்பின் ஹெக்டருக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. கருவியைக் கொழுவி ஊற்றினேன். அது கத்த, மின்ஹா ஓடி வந்து, "வாப்பா, கோப்பை அழுகுது!" என்று சிரித்தாள். ஹெக்டர் மாமா பகிடிக்கு அனுப்பினது என்று சமாளித்தேன். நிறம் சொல்கிற செயலி என் வெள்ளைச் சேர்ட்டை மண் நிறம் என்றது. லைலாவிடம் சொல்லவில்லை, தோய்ப்பது அவள்.

மெய்யாகவே எனக்குக் கால் ஊன்ற ஒரு நிலம் கிடைத்த மாதிரி இருக்கிறது. அல்லாஹ் உனக்கு நற்கூலி தரட்டும்.

இன்னும் சிலது கேட்க இருக்கிறது. எந்தத் திசையில் போகிறோம் என்று வாயால் சொல்லிக்கொண்டே வருகிற செயலி இருக்கிறதா? என்ஜின் சத்தத்துக்கு மேலாலும் கேட்க வேண்டும். பொழுதுபட்ட பிறகு தூரத்து விளக்குச் சிவப்பா பச்சையா என்று காட்டக்கூடியது ஏதும் உண்டா? பக்கத்தில் ஒரு பொருள் வந்தால் கத்துகிற கருவி, காருக்குப் பின்னால் பூட்டுவார்களே, அதைத் தண்ணீரில் பாவிக்க ஏலுமா?

எல்லாம் சுகிர்தனுக்குத்தான். அவனுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
றஹ்மான்


மட்டக்களப்பு
7 செப்டம்பர் 2025

றஹ்மான்,

நான் துறைமுகத்தில் மின்சார வேலை செய்தவன். மிதவை விளக்குகளைத் திருத்த உன்னோடுதான் எத்தனையோ தரம் கடலுக்கு வந்தனான். கண் தெரிகிற எவனுக்கும் கொட்டியாரக்குடாவில் திசை சொல்ல ஒரு குரல் தேவையில்லை. ஒரு பக்கம் மூதூர் கரை, மற்றப் பக்கம் திருகோணமலை மலை. சுகிர்தனுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாதா?

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சுக்கானை யார் பிடிக்கிறார்கள்?

நான் சொல்லித் தந்தவை தேத்தண்ணிக்கு. தேத்தண்ணி சிந்தினால் துடைக்கலாம். நீ கேட்கிறவற்றில் ஒன்றின் பெயரும் நான் சொல்ல மாட்டேன்.

ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் எழுது.

ஹெக்டர்


மூதூர்
12 செப்டம்பர் 2025

ஹெக்டர்,

ஓம். நான்தான் ஓட்டுகிறேன்.

பொய் சொன்னது பிழைதான். சொல்லாவிட்டால் நீ எனக்கு ஒன்றும் சொல்லித் தந்திருக்க மாட்டாய். இந்தக் குடாவை என் உள்ளங்கையைவிட எனக்குத் தெரியும். நடுவில் எனக்கு நல்லாகத் தெரிகிறது. ஓரத்துக்குச் சுகிர்தன் இருக்கிறான். இடப்பக்கம் ஏதும் வந்தால் என் தோளில் தட்டுவான், வெளியில் யாருக்கும் விளங்காது. முதலாளி நஸ்ரிக்கும் தெரியாது. சுகிர்தன் ரெண்டு பிள்ளைகளின் தகப்பன், நான் சொன்னால் வாய் திறக்க மாட்டான்.

போன கிழமை ஒரு வள்ளம் குறுக்கே வந்தது. சுகிர்தன் என்ஜின் பக்கம் போயிருந்தான். அவன் கத்த, நான் திருப்பினேன். ஒரு முழ இடைவெளி இருந்தது, யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. வள்ளக்காரன் எழும்பி நின்று, "கண் தெரியாதாடா குருடா!" என்று ஏசினான். எல்லா ஓட்டிகளையும் அப்படித்தான் ஏசுவார்கள். லோஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வருகிற வெள்ளி காலையில் ஒரு கலியாணப் பயணம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் முழுப்பேரும் போகிறார்கள். "றஹ்மான் காக்கா ஓட்டினா மட்டும்தான் ஏறுவம்" என்று நஸ்ரியிடம் சொல்லித்தான் லோஞ்சை வாடகைக்குப் பிடித்தார்கள். சுக்கானை விட்டுவிட்டு நான் என்ன ஆவது? உன்னைப் போலத் தங்கச்சி வீட்டுக் கதிரையில் சாய்ந்து இருந்து, மீன் பொரித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு இருப்பதா?

நீ தராவிட்டால் அந்தச் செயலிகளை நானே தேடிக்கொள்வேன்.

கலீலுர் றஹ்மான்


மட்டக்களப்பு
15 செப்டம்பர் 2025

றஹ்மான்,

கதிரையைப் பற்றி நீ எழுதியது மனதில் தைத்தது. நான் வாசிக்க வைத்தபோது சீலாவும் பக்கத்தில் இருந்தாள். எழும்பிப் போய்விட்டாள். ஓம், நான் கதிரையில்தான் இருக்கிறேன். மீன் பொரித்தால் எனக்குப் பெருமைதான்.

வள்ளத்தில் நின்ற மனுசன் உன்னைப் பழக்கத்தில் ஏசவில்லை. அவர் ஒருவர்தான் உன்னைப் பற்றி உண்மை சொன்னவர்.

உனக்கு நான் கடைசியாக ஒன்று சொல்லித் தருகிறேன். தொண்டர் பார்த்துச் சொல்கிற செயலி உன் போனில் இருக்கிறது. லோஞ்ச் துறையில் கட்டி நிற்கும்போது சுக்கான் அடியில் நில். முன்னுக்குப் பார். உனக்குத் தெரிகிற எல்லாவற்றையும் மனதில் எண்ணிக்கொள். அதற்குப் பிறகு பொத்தானை அமத்தி, போனை இடப்பக்கம் பிடித்து, என்ன இருக்கிறது என்று அந்த ஆளைக் கேள். அவருக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

வெள்ளிக்கு முதல் நஸ்ரியிடம் நீயே சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். இதை வெருட்டலாக எடுத்தாலும் சரி.

ஹெக்டர்


மூதூர்
19 செப்டம்பர் 2025

ஹெக்டர்,

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, வீட்டில் இருந்த போனையும் எடுத்துக்கொண்டு லோஞ்சுக்குப் போனேன். ஆட்கள் இறங்கிப் போய்விட்டார்கள். சுகிர்தனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, நீ சொன்னபடி சுக்கான் அடியில் நின்றேன். முன்னால் தண்ணீர், அலைதாங்கி, அதில் ஒரு கொக்கு. இடப்பக்கம் வெறும் மினுக்கம்.

பொத்தானை அமத்தினேன். ஒரு பெண்பிள்ளையின் குரல். சேலத்தில் இருந்து பேசுகிறேன் என்றாள். போனைத் திருப்பிப் பிடித்து, "இந்தப் பக்கம் என்ன தெரியுது, மகள்?" என்று கேட்டேன்.

"சார், உங்க பக்கத்துலயே ஒரு சின்ன படகு இருக்கு. அதுல ஒரு பெரியவர் நின்னுட்டு இருக்கார். உங்களையேதான் பார்க்கிறார். கையைத் தூக்கிக் காட்டுறார் சார்."

முழு முகத்தையும் திருப்பினேன். கை நீட்டினால் தொடலாம். ஹயாத்து லெப்பை, என் பள்ளிவாசல் வரிசையில் தினமும் நிற்கிறவர். "எவ்வளவு நேரமாக் கையைக் காட்டுறன், றஹ்மான். என்ன கோவமா?" என்று கேட்டார்.

அந்தப் பிள்ளை, "வேற ஏதாவது பார்க்கணுமா சார்?" என்றாள். இல்லை, போதும் என்று சொன்னேன்.

அங்கிருந்து நேரே நஸ்ரியின் கடைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன், ஹெக்டர். வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு போனேன். வாசலில் என்னைக் கண்டதும் அவன் எழும்பி ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தான். "காக்கா, பாத்து, படி இருக்கு" என்றான். அந்தப் படியில் எத்தனையோ வருடமாக ஏறி இறங்குகிறேன். ஒரு நாளும் அவன் என் கையைப் பிடித்ததில்லை.

நீ முந்திவிட்டாய். மத்தியானமே அவனுக்குப் போன் எடுத்துச் சொன்னாயாம்.

வெள்ளிக்கு முதல் என்றாய். வெள்ளி வரவில்லையே. என் வாயால் சொல்லியிருந்தால், சுக்கானை நானே விட்டவன் என்று இந்த ஊர் சொல்லும். இப்போது, பிடுங்கப்பட்டவன். உனக்கும் எனக்கும் இனி என்ன கதை இருக்கிறது?

கலீலுர் றஹ்மான்


மட்டக்களப்பு
22 செப்டம்பர் 2025

அன்பின் றஹ்மான்,

வியாழன் காலை உன் போனுக்கு எடுத்தேன். கடைசியாக ஒருக்கால் கெஞ்சிப் பார்க்கத்தான். லைலா எடுத்தாள். "அவர் போனை வெச்சிட்டு விடியவே லோஞ்சில போயிட்டார், ஹெக்டர் காக்கா. இண்டைக்குச் சரியான சனமாம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உனக்கு வெள்ளி வரை தவணை கொடுத்துவிட்டுக் கலியாணக்காரரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். திங்களும் செவ்வாயும் புதனும் ஏறினவர்கள் யாருடைய பிள்ளைகள்? அவர்களை நான் உன் மரியாதைக்காக அடகு வைத்திருக்கிறேன். மத்தியானம் வரை பொறுத்தேன், அதுவே கூடிப்போனது. பிறகு நஸ்ரிக்கு எடுத்தேன்.

நீ அன்று பின்னேரம் சொல்லப் போவாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நீயே சொல்ல விட்டிருப்பேனா? நேற்று முழுக்க யோசித்தேன். விட்டிருக்க மாட்டேன். இடையில் இன்னும் ஒரு பயணம் இருந்தது. அதனால் மன்னிப்புக் கேட்டு எழுத எனக்கு வாய் வரவில்லை. உன் மனம் நொந்ததற்கு மட்டும் வருந்துகிறேன்.

லைலாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

துளி மருந்தை விடாதே. நேரத்துக்கு ஞாபகப்படுத்த போனிலேயே வழி இருக்கிறது. பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் செய்.

என்றும் உன்,
ஹெக்டர்


மூதூர்
26 அக்டோபர் 2025

ஹெக்டர்,

லைலாவுக்குச் சொல்லிவிட்டேன். அவளுக்கு உன்னோடு கோபம் இல்லை. தனக்கு முதல் உனக்குத் தெரிந்ததற்கு என்னோடுதான் கோபம். பிறகு, மருந்துப் போத்தலைக் கொண்டுவந்து வைத்து, "தலையை நிமித்துங்க" என்றாள். அவ்வளவுதான்.

கலியாணக்காரர் சுகிர்தனோடுதான் போய் வந்தார்கள். நேற்று நானும் கிளினிக்குக்குப் போக அதே லோஞ்சில் ஏறினேன். ஆட்களோடு ஆளாகப் பலகையில் இருந்தேன். எந்த இடத்தில் அவன் திருப்புவான் என்று எனக்குத் தெரியும். அந்தந்த இடத்தில் அவன் சரியாகத் திருப்பினான். இறங்கும் வரைக்கும் என் இரண்டு கையும் மடியில் சும்மா இருந்தன.

உன்னோடு எனக்குக் கோபம் அப்படியே இருக்கிறது. போகுமா என்று தெரியாது. போன் எடுக்காதே.

கிளினிக்கில் வெள்ளைக் கோல் ஒன்று வாங்கச் சொல்கிறார்கள். கடையில் மூன்று அளவில் இருக்கிறதாம். நான் உன்னைவிட ஒரு சாண் உயரம். எந்த அளவு எடுப்பது என்று எழுது.

றஹ்மான்