படலையடியில் நின்றுவிட்ட விளையாட்டு

மானிப்பாய்,
புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்.

அன்புள்ள மகள் ஜெசிதாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான், அம்மா, ஆடு மூவரும் இங்கே சுகம், மூவரில் ஆடுதான் கூடுதலான சுகம். நீயும் அந்தக் கிளாஸ்கோ மழைக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டுமென்று காலையும் மாலையும் மன்றாடுகிறோம். வாட்சப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு மறந்துவிடுவாய் என்பதால் இதைக் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். என் எழுத்தை வாசித்து முடிக்க உனக்கு அரை நாள் செல்லும், அந்த அரை நாளாவது அப்பாவை நினைத்துக்கொண்டிருப்பாய்.

உன் வேலையை ஊருக்கு விளங்கப்படுத்த நான் படும் பாடு சொல்லி முடியாது. மகளும் மூன்று பேரும் சேர்ந்து கம்பியூட்டர் விளையாட்டுச் செய்கிறார்கள், சுடுவதும் வெட்டுவதும் இல்லை, ஆட்களுக்கு நன்மை தருகிற விளையாட்டு என்று உபதேசியாரின் மனைவிக்கு விரிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேலை கிடைக்காத பிள்ளைகளுக்கான ஞாயிறு ஜெபத்தில் உன் பெயரையும் சேர்த்துவிட்டார். நானும் பலமாக ஆமென் சொன்னேன், வருகிற ஜெபத்தை ஏன் வேண்டாமென்பது.

வெள்ளிக்கிழமை கூடி இந்த விளையாட்டை வைத்திருப்பதா கைவிடுவதா என்று முடிவெடுக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்ததிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை, இத்தனை வருடம் நித்திரையைக் கெடுத்துச் செய்த வேலையல்லவா. உன் விளையாட்டில், தனியே இருக்கிறவர்களின் வீடுகளுக்குச் சைக்கிளில் போய், இருந்து கதைத்துவிட்டு வந்தால், அந்த வீட்டில் விளக்கு எரியும், ஊர் முழுக்க விளக்கு எரிந்தால் விளையாட்டு முடிந்தது. ஆனால் விளையாடிப் பார்த்தவர்கள் எல்லோரும் உள்ளே ஓடி விளக்கை எரித்துவிட்டு வெளியே ஓடிவந்து, அவ்வளவுதானா என்கிறார்களாம். உன்னோடு வேலை செய்கிற ஜெயசுதன், நேரம் எண்ண மணிக்கூடும் புள்ளியும் வைப்போம், இல்லையென்றால் விட்டுவிடுவோம் என்று நிற்கிறானாம். எங்களையும் விளையாடிப் பார்த்து உண்மையைச் சொல்லச் சொன்னாய், இதோ உண்மை.

முதலில் நான். உன் நீல நிற ஒழுங்கையில் சைக்கிளை எடுத்தவுடன் நேரே வெங்காயத் தோட்டத்துக்குள் விட்டேன், நிஜத்திலும் இவர் அப்படித்தான் என்றாள் அம்மா. திரும்பி வர வழி தெரியாமல் பாத்திக்குள்ளேயே நின்றேன். பனைகளுக்குப் பின்னால் வானம் மெல்ல மெல்லக் கனிந்து வந்தது, எங்கோ ஒரு கிணற்றுத் துலா முனகியது, அது என்னைத்தான் ஏதோ கேட்பதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, தேத்தண்ணி ஆறி ஆடை படிந்துவிட்டது.

பொழுதுபடுகிற நேரம் அம்மா விறாந்தையில் இருந்து போனை வாங்கினாள். ஒழுங்காக ஓட்டி முதல் வீட்டு வாசற் படலையடியில் இறங்கியவள், நின்றவள் நின்றவள்தான். படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம் என்று நான் விரலை நீட்ட, விரலில் அடி விழுந்தது. “ஆற்றையும் வீட்டு வளவுக்குள்ளை கூப்பிடாமல் பூருறதோ, நான் என்ன எங்கடை ஆடோ?” என்றாள். பிறகு போனைப் பார்த்துக் கூப்பிடத் தொடங்கினாள், வீட்டிலை ஆரும் நிக்கிறியளோ என்று. பதில் இல்லை. இன்னும் உரத்துக் கூப்பிட்டாள். போனுக்குள் இருந்த பொழுதும் எங்கள் முற்றத்துப் பொழுதும் ஒரே நிறமாகிவிட்டன, எந்தக் குருவி எதற்குள் கத்துகிறது என்றுகூட எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அந்த மயக்கத்துக்குள்தான் பதில் வந்தது, “ஓம், நிக்கிறன், வாறன்” என்று.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மகாதேவி அக்கா. பிள்ளைகள் கனடாவில், ஆள் தனியே. அவர் கோயிலுக்கென்று வளர்த்த செவ்வந்தியை எங்கள் ஆடு புகுந்து மேய்ந்ததிலிருந்து அம்மாவுக்கும் அவருக்கும் கதை பேச்சில்லை, உனக்கும் தெரியும். மனுசி மெல்ல நடந்து வந்து லைற்றைப் போட்டுப் படலையைத் திறந்துவிட்டு நிற்கிறார். நான் கூப்பிட்டது உங்களையில்லை, போனை என்று எப்படிச் சொல்வது? அம்மா ஒழுங்கையில் இறங்கிப் போய், ஓம் அக்கா, சும்மாதான் கூப்பிட்டனான் என்றாள். “உள்ளுக்கை வாங்கோவன், படலையிலை ஆரும் கூப்பிட்டுக் கனகாலம்” என்றார் அவர். என்னையும் ஆட்டையும் மறந்து அம்மா போய்விட்டாள். திரும்பி வரும்போது கையில் முருங்கைக்காய், கண் கொஞ்சம் ஈரம். எங்கள் வீட்டு ரேடியோச் சத்தத்தை வைத்துத்தான் அக்கா இவ்வளவு நாளும் நேரம் பார்த்தாராம்.

ஆகையால் மகள், கைவிடவும் வேண்டாம், மணிக்கூடும் வேண்டாம். படலைகளைச் சாத்திவிடு. வருகிறவர் நின்று கூப்பிடட்டும், உள்ளேயிருந்து ஒருவர் ஓம் வாறன் என்று சொல்லி, செருப்பைத் தேடி, ஆறுதலாக வந்து திறக்கட்டும். அதுவரை பார்த்துக்கொண்டு நிற்க உன் வானமே காணும், வேறொன்றும் தேவையில்லை. நீ இங்கே இருந்த காலத்தில் ஒருவர் வீட்டுப் படலையையும் கூப்பிடாமல் தள்ளியவள் அல்ல, அங்கே பொத்தானை அமத்திக் கதவு திறந்து மறந்துவிட்டாய். ஜெயசுதனிடம் இது ஒரு வெங்காயத் தோட்ட நிபுணரின் கருத்து என்று சொல்.

நேற்றுக் கண்ணயர்ந்தபோது உன் நீல ஒழுங்கை கனவில் வந்தது. எங்கள் படலையடியில் யாரோ சைக்கிளோடு நிற்கிறார்கள், கூப்பிடவில்லை. ஆர் என்று கேட்க எனக்கு வாய் எழவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மட்டும் மறவாதே, நீ வருகிற அன்று கையில் திறப்பு இருக்கிறதென்று பூட்டைத் திறந்து பேசாமல் உள்ளே வந்துவிடாதே. படலையடியில் நின்று கூப்பிடு. ஓம், வாறன் என்று சொல்ல நாங்களும் இரண்டு பேர் இருக்கிறோம்.

என்றும் உன் நினைவில்,
அப்பா அருள்நேசன்
(அம்மா பியாட்றிஸ் இப்போதும் பக்கத்து வீட்டில், ஆடு கட்டியிருக்கிறது)