கதவுக்கு உள்ளே கேட்ட குரல்

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் வீட்டில் இருப்பவர்களும் சுகம்தானா? சுகமில்லை என்று தெரிந்தும்தான் கேட்கிறேன்.

அப்பாவைச் செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்துவிட்டோம். விடாமல் தூறிக்கொண்டே இருந்தது. பட்டறையில் அவரிடம் வெல்டிங் கற்றுக்கொண்டவர்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். "இடி போயிட்டாரே" என்று ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். பட்டறையில் அவருக்கு அதுதானே பேர். அவர்களுக்கு அந்த இடி வெறும் சத்தம்தான். விழுந்ததெல்லாம் நம் வீட்டில்.

மகன் எங்கே என்று பலரும் கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி உன் அத்தான் சமாளித்தார். நீ வராததைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பட்டறைக்குப் பின்னால் இருந்த அந்தச் சாமான் அறையை நானும் மறக்கவில்லை. ஜன்னல் கிடையாது. கிரீஸ் நாற்றம், துருப்பிடித்த கம்பித் துண்டுகள். நீ சாப்பாட்டைச் சிந்தினால் போதும், உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். "இனிமே செய்ய மாட்டேம்பா, தொறங்கப்பா" என்று தொண்டை கட்டும்வரை கத்துவாய். நான் வெளியே தரையில் உட்கார்ந்து, கதவின் அடியில் விரலை நுழைப்பேன். நீ அதைப் பிடித்துக்கொள்வாய். திறந்துவிட எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

பக்கவாதம் வந்து அவர் என் வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ போனை வைத்துவிடுவாய் என்று பயம்.

ஊட்டினேன், துடைத்தேன், துணி மாற்றினேன். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது என் கை எவ்வளவு முரடாக இருந்தது என்று எனக்கே தெரியும். போதகர் ஒருநாள் வந்து, "மன்னிச்சிருங்கம்மா, மனசு லேசாயிடும்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்னங்கய்யா, மாத்திரை மாதிரி சொல்றீங்க. நீங்க அந்த ரூமுக்குள்ள இருந்ததில்ல" என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "எனக்கும் அது சுலபமா வந்ததில்லம்மா. வரலன்னா வரலன்னு ஆண்டவர்கிட்டயே சொல்லுங்க" என்று சொல்லிப் போனார். அன்றிலிருந்து அதுதான் என் ஜெபம். எனக்கு இவரை மன்னிக்க மனசில்லை, ஆண்டவரே, வேண்டுமானால் நீரே செய்துகொள்ளும் என்பேன். அதுவும் ஜெபத்தில் சேர்த்தியா என்று தெரியாது.

போன மாதம் ஒரு மத்தியானம். அவர் தூங்கட்டும் என்று ஜன்னலை அடைத்து, கதவையும் சாத்திவிட்டுச் சமையலறையில் நின்றிருந்தேன். கரண்ட் போனது. அவர் அறையில் எரிந்த விளக்கும் அணைந்திருக்கும். உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா, தொறங்கப்பா. இனிமே செய்ய மாட்டேம்பா."

குழறலாகத்தான் வந்தது. ஆனாலும் நீதான் என்று நினைத்து ஓடினேன், தம்பி. கதவில் கை வைத்த பிறகுதான் அது அப்பா என்று உறைத்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன், நான் உடனே தள்ளவில்லை. உள்ளேயே கிடக்கட்டும், தெரியட்டும் என்று ஒரு மனசு சொன்னது. அது அப்பாவின் மனசு. எனக்குள் உட்கார்ந்து, அவருடைய குரலிலேயே பேசியது. பயந்துபோய்க் கதவைத் தள்ளினேன்.

பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்கியது. துணியெல்லாம் நனைந்திருந்தது. என்னை யாரென்று தெரியாமல் பார்த்து, "அப்பா போயிட்டாரா?" என்று கேட்டார். என் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "போயிட்டாரு. இனிமே வரமாட்டாரு" என்றேன். அப்புறம் அவரைப் பிடித்துக்கொண்டே, உங்களை மன்னிச்சுட்டேன் என்று சத்தமாகச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கடைசிவரை கேட்காமலே போய்விட்டார். சிலுவையில் ஆணி அடித்தவர்களும் கேட்கவில்லை, ஆனாலும் அவர்களுக்காகத்தானே இயேசு ஜெபித்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடக்கத்துக்கு வந்த அத்தையிடம் இதைச் சொன்னேன். அவள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு, "சின்ன வயசுல எங்கப்பா உங்கப்பாவ கரி ரூம்ல போட்டுப் பூட்டுவாரு. நான் வெளிய உக்காந்து அழுவேன், வேற என்ன செய்ய முடியும்?" என்றாள்.

அதனால் அப்பா செய்தது சரியாகிவிடாது. நான் ஒரேயடியாக மாறிவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். சில நாள் காலையில் எனக்கு முன்னால் என் கோபம் எழுந்துவிடுகிறது. மறுபடியும் முதலிலிருந்து மன்னிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் கடைசி நாட்களில் என் கை மெதுவாகிவிட்டது. அது நான் கற்றுக்கொண்டதில்லை, எனக்குக் கொடுக்கப்பட்டது.

நேற்று உன் மனைவி போன் செய்தாள். அவளைக் கோபிக்காதே. மகள் உன் கம்ப்யூட்டரில் தண்ணீரைக் கொட்டியதற்கு நீ அவளைப் பாத்ரூமில் வைத்துப் பூட்டினாயாம். "தொறந்ததுலேர்ந்து பாப்பா ஒரு வார்த்தை பேசலக்கா. அவரும் பால்கனில நின்னு அழுவுறாரு, உள்ள வரவே மாட்டேங்கறாரு" என்றாள்.

தம்பி, நீ எவ்வளவு தூரம் ஓடினாய்! இந்த வீட்டின் வாசனையே படாத இடமாகப் பார்த்துத்தானே போனாய். உன்னைக் கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. நானும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவள்தான்.

பட்டறையை விற்கலாமா என்று அத்தான் கேட்கிறார். அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அப்பாவை இன்றைக்கே மன்னித்துவிடு என்றும் சொல்ல மாட்டேன். உன்னால் முடியவில்லை என்பதை மட்டும் ஆண்டவரிடம் சொல்லிவை. ஆனால் இந்த ஒன்றைத் தள்ளிப்போடாதே. பிள்ளையின் முன்னால் மண்டி போட்டு உட்கார். உன் முகம் அவள் முகத்துக்கு நேராக இருக்கட்டும். "அப்பா செஞ்சது தப்பு, என்னை மன்னிச்சிரு" என்று சொல். நம் குடும்பத்தில் எந்த அப்பாவும் சொன்னதில்லை, அதனால் நாக்கு எழும்பாது. சொன்னாலும் அவள் உடனே உன்னிடம் வந்துவிட மாட்டாள். அதற்காக எழுந்து போய்விடாதே. அங்கேயே இரு.

இயேசப்பா உன்னையும் என் மருமகளையும் கைவிடாமல் காப்பாராக. அவள் வாய் திறந்து எதைச் சொன்னாலும் சரி, உன்னைத் திட்டினாலும் சரி, எனக்கு உடனே ஒரு போன் போடு. நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

என்றும் உன் நினைவாக,
அக்கா