கவிழ்த்து வைத்த ஃபேன்

18 ஏப்ரல் 1974, வியாழன். செங்கல்பட்டு.

திடீர் மழை. மாடியில் காயவைத்திருந்த வடாத்தைத் துணியோடு தூக்கி வந்து கூடத்தில் விரித்தேன். காற்று நேராக விழட்டும் என்று, வீட்டுக்கார அம்மா வீட்டோடு கொடுத்த மேஜை ஃபேனை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கவிழ்த்து வைத்தேன். சாயங்காலம் புகைந்து நின்றுவிட்டது. மோட்டார் காயில் எரிந்து போச்சு.

அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். “இப்ப இன்னாத்துக்கும்மா? வூட்ட காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல புடிச்சுக்கறேன்” என்றார். அப்போது புது ஃபேன் விலையைப் பிடிப்பார்.

என் வீட்டு மனுஷர் படுத்துக்கொண்டே, “அவங்களே சும்மா கீறாங்க, உனக்கு இன்னா அவசரம்?” என்கிறார்.

நாளைக்கே ரிப்பேர் கடையில் புதுக் காயில் கட்டி, அந்த அம்மா எதிரிலேயே ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை.

வடாம் இன்னும் ஈரம். அவசரமில்லாதவரை எழுப்பிப் பனையோலை விசிறியைக் கையில் கொடுத்திருக்கிறேன். வீசிக்கொண்டிருக்கிறார்.