இலியாஸ் வீட்டுக் கிரயம்

லப்பைக்குடிக்காடு
செப்டம்பர் 22, ஞாயிறு

மகன் பிலாலுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் ஆண்டவன் வைத்தபடி சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலியும் எனக்கு வாய்க்கொழுப்பும் தவிர வேறு நோய் ஒன்றும் இல்லை. அங்கே நீயும் ஃபைஸாவும் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், இவ்வளவு கோபத்திலும் அதை விடவில்லை. ஊரில் ஒரு வாரமாக மழை, சின்ன வெங்காயம் நல்ல விலை போகிறது, நான் மண்டியை விட்ட பிறகுதான் அதற்கு ஏறத் தோன்றியிருக்கிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் நான் கத்துவேன், நீ சிக்னல் சரியில்ல அத்தா என்பாய். இதில் நான் கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது, குறுக்கே பேச உனக்கும் வழியில்லை. உன் கம்பெனி விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். வீட்டுக்கு வந்தால் ஃபைஸா முன்னால் பிரிக்க வேண்டி வரும், அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

நீ எல்லாம் தெரிந்தவன்தான். ஆனாலும் இந்த மூன்று மாதம் இங்கே எங்களுக்கு எப்படிப் போனது என்று உனக்குத் தெரியாது, அதனால் முதலில் இருந்தே எழுதுகிறேன், பொறுமையாகப் படி. பக்ரீத் முடிந்த மறுவாரம் நீ சாச்சா என்று கூப்பிடுகிற நம் ஊர் இலியாஸ் தன் மகள் கல்யாணத்துக்காக வீட்டை விற்கப் போவதாகத் தெரிந்ததும் அதைக் கேட்டது நானில்லை, உன் அம்மாதான். முப்பத்தெட்டு வருடத்தில் ஏழு வாடகை வீடு பார்த்தவள், ஒரு ஆணி அடிப்பதற்குக்கூட வீட்டுக்காரரிடம் உத்தரவு கேட்டே பழகியவள், வாயைத் திறந்து எனக்கு இது வேணும்ங்க என்று என்னிடம் கேட்டது அந்த ஒரு வீட்டைத்தான். படி ஏற வேண்டியதில்லை, குழாய் அடுப்படிக்குள்ளேயே இருக்கிறது, பாங்கு சத்தம் கேட்கிற தூரம். நீயும் வீடியோவில் ஒவ்வொரு அறையாகக் காட்டச் சொல்லிப் பார்த்தாய், பாத்ரூம் கதவைத் திறந்து மூடிக் காட்டச் சொன்னாய், பிறகு பேசி முடிச்சுடுங்க அத்தா, மீதிய நான் பாத்துக்கறேன் என்றாய். அந்தச் சொல்லை நம்பித்தான் இலியாஸ் சொன்ன விலைக்கு நான் ஒரு பேச்சும் பேசாமல் சரி என்றேன், அவனும் உங்களுக்குன்னா எனக்கு முழு சந்தோஷம்ணே என்றான். பெரம்பலூரில் பத்திரம் எழுதும் வேணுகோபாலிடம் போய் அக்ரிமென்ட் போட்டோம். என் கையில் இருந்ததோடு அம்மாவின் வளையலையும் விற்றுச் சேர்த்து அட்வான்ஸ் கொடுத்தேன். செப்டம்பர் முப்பதுக்குள் கிரயம் முடிக்க வேண்டும் என்று பேச்சு. இப்போது இருக்கிற வீட்டையும் அக்டோபரில் காலி செய்கிறேன் என்று நானாகவே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவரும் வேறு ஆளுக்குப் பேசிவிட்டார்.

ஜூலை பிறந்ததில் இருந்து இலியாஸ் ஆளே மாறிவிட்டான். என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போவான். கிரயத்துக்கு நாள் பார்க்கலாமா என்று கேட்டால் மூலப்பத்திரம் பேங்கில் இருக்கிறது என்றான். வேணுகோபால் கம்ப்யூட்டரில் வில்லங்கம் போட்டுப் பார்த்தார், இருபது வருடத்தில் ஒரு அடமானமும் இல்லை. அதைச் சொன்னதும், அரியலூர்ல இருக்கற எங்கண்ணன் கையெழுத்துப் போட மாட்டேங்கறாருண்ணே என்றான். நான் சும்மா இருப்பேனா, அந்த வெயிலில் பஸ் மாறி அரியலூர் போனேன், வழி முழுக்க சுண்ணாம்புக்கல் லாரி, இறங்கும்போது சட்டையும் தாடியும் ஒரே நிறம். ஸ்டேஷன் பக்கம் செருப்புக்கடை வைத்திருக்கிற அவன் அண்ணன் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, நான் விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துப் பத்து வருஷமாச்சே, எனக்கு அந்த வூட்ல என்ன பாத்தியம் இருக்கு என்று என்னையே திருப்பிக் கேட்டார். இப்படி வாய்க்கு வந்த பொய்யைச் சொல்கிறவன் விற்கவா போகிறான் என்று அன்றைக்கே எனக்குப் பற்றிக்கொண்டது. ஆகஸ்ட் கடைசியில் அந்தப் பக்கம் போகிறேன், வாசலில் ஆள் வைத்துப் பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புது மோட்டார் இறக்கிக்கொண்டிருக்கிறான். விற்கப் போகிற வீட்டுக்கு எவனாவது புது மோட்டார் போடுவானா. யாரோ கூடுதல் விலை சொல்லிவிட்டார்கள், இல்லாவிட்டால் விற்கிற எண்ணமே போய்விட்டது, இரண்டில் ஒன்று என்று முடிவு கட்டினேன். வாரம் தவறாமல் உன்னிடம் போனில் புலம்பினேனே, நீ என்ன சொன்னாய் ஞாபகம் இருக்கிறதா. அந்த ஆளு சரியில்ல அத்தா, விட்டுடுங்க, நமக்கு வேற வூடு கெடைக்காமலா போயிடும் என்றாய். மகன் எனக்காகக் கோபப்படுகிறான் என்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

செப்டம்பர் ஆறாம் தேதி ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவனைப் பிடித்துக்கொண்டேன். கிரயம் எப்போது என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் பொறுங்கண்ணே என்றான். பேசினால் பொய், கொடுத்த வாக்கில் நிற்காதது, நம்பினவனை மோசம் செய்வது, இந்த மூன்றும் உள்ளவனுக்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்று தெரியுமா என்று கேட்டு, அந்தப் பெயரையும் நானே சொன்னேன். முனாஃபிக் என்றேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. தொழுதுவிட்டு வருகிற மனிதனைப் பார்த்து, உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்திருப்பவன் என்று அந்த இடத்தில் வைத்துச் சொன்னால் அதற்கு மேல் ஒரு வசவு நம் ஆட்களிடம் கிடையாது, நீயும் அறிவாய். அடித்திருந்தால்கூட ஒரு வாரத்தில் மறந்திருப்பான். ஐம்பது பேராவது நின்றார்கள். அவன் கண் கலங்கியது, வாய் திறக்கவில்லை. குற்றமுள்ளவன், அதனால்தான் வாய் திறக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்து கறியும் சோறும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், உனக்கும் போன் போட்டு நான் கேட்ட கேள்வியைச் சொல்லிச் சிரித்தேன். மறுநாளில் இருந்து கடைத்தெருவில் இலியாஸுக்குச் சலாம் சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அடுத்த வாரம் அவன் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்த தொழுதூர்க்காரர்கள் இப்போதைக்கு வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று சாயங்காலம் இலியாஸ் மனைவி பர்சானா நேராக நம் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. எங்க வூட்டுக்காரர் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருக்கா, நான் எதுவும் சொல்ல வரல, கேக்க வெக்கத்தான் வந்தேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு போனை எடுத்து நடுவில் வைத்தாள். உன் குரல். ஜூலை நாலாம் தேதி நீ இலியாஸுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். நீ பேசியது உனக்கு மறந்திருந்தால் எழுதுகிறேன். சாச்சா, ஃபைஸா பேர்ல திருச்சில ஒரு பிளாட் வூட்டுக்குப் பணம் கட்டிட்டேன், ரெண்டும் என்னால முடியாது. அத்தாகிட்ட நேரா சொன்னா மனசு ஒடஞ்சு போயிடுவாங்க. நீங்க ஏதாச்சும் காரணம் சொல்லி ரெண்டு மாசம் இழுங்க, கோவம் வந்துட்டா அத்தாவே உன் வூடே வேணாம்னு எந்திரிச்சுடுவாங்க, அட்வான்ஸை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. நான் சொன்னேன்னு செத்து மவுத்தானாலும் தெரியக் கூடாது, எனக்கு வாக்குக் குடுங்க. இவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட இல்லை. முடிந்ததும் உன் அம்மா இன்னொரு தடவை போடும்மா என்றாள். புரியவில்லையோ என்று நினைத்து பர்சானா மறுபடியும் போட்டாள். புரியாமல் அவள் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். பள்ளிவாசலில் நான் கத்தியதைச் சொன்ன நாளில் இருந்து நீ போன் செய்யவில்லை, அன்றைக்கு ஒன்பதாவது நாள், பிள்ளை குரலைக் கேட்க வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

பிலால், திருச்சியில் பிளாட் வாங்கியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். உன் சம்பாத்தியம், உன் பெண்டாட்டி பிள்ளைக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வாய். முடியல அத்தா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், மூன்றாம் நாள் இலியாஸிடம் நானே போய்ச் சொல்லியிருப்பேன், அம்மாவும் ஒரு தடவை பெருமூச்சு விட்டுவிட்டு உலை வைக்கப் போயிருப்பாள். நீ செய்தது வேறு. பெரம்பலூர் மண்டியில் நான் வெங்காய வியாபாரம் செய்த காலத்தில் லீவு நாளில் சாக்கு மேல் உட்கார்ந்திருப்பாய். எதிராளி விலையில் கொஞ்சம் இழுத்தால் எனக்குப் பொறுக்காது, போய்யா உன் சரக்கே வேணாம் என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவேன், அப்படி எத்தனை லோடு கைவிட்டுப் போனது என்று உனக்குத் தெரியும். நீ வியாபாரம் கற்றுக்கொள்கிறாய் என்று நான் நினைத்தேன், நீ என் கோபம் எந்த இடத்தில் வெடிக்கும் என்று பார்த்து வைத்திருக்கிறாய். உனக்கு வேண்டிய நேரத்தில் அதை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டாய், வெடித்தது இலியாஸ் மேல். மனசு ஒடஞ்சு போயிடும் என்று பயந்தாயே, இப்போது இங்கே என்ன முழுசாக இருக்கிறது என்று நினைக்கிறாய்.

மறுநாள் காலையில் இலியாஸ் வீட்டுக்குப் போனேன். கையைப் பிடித்து மாப்பு கேட்டேன், அவன் கையை உருவிக்கொண்டு பர்சானாவைத்தான் திட்டினான். அத்தனை பேர் முன்னால் உன்னை அப்படிச் சொன்னேனே தம்பி, அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன், அத ஒடச்சிருந்தா நீங்க சொன்ன பேருக்கு நான் ஆளாயிருப்பேனேண்ணே என்றான். மோட்டாரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான். பழசு நின்னு நின்னு போவும், மதினி முழங்கால் வலியோட கொடம் தூக்கக் கூடாது, எப்படியும் பிலால் மனசு மாறி வூட்ட வாங்கிக் குடுத்துடுவான்னு நெனச்சேன் என்றான். முப்பதாம் தேதி போனாலும் போகட்டும், ரமலான் வரைக்கும் பொறுக்கறேன், வேற யாருக்கும் தரல என்றும் சொன்னான். கல்யாணத்துக்கு வைத்திருக்கிற மகளை வீட்டில் வைத்துக்கொண்டு அவன் எனக்காகப் பொறுக்கிறான். வேண்டாம் தம்பி, வேறு நல்ல ஆளாகப் பார்த்துக் கொடு என்றேன். ஆக, நீ போட்ட திட்டப்படியே நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், சந்தோஷமாக இரு. கோபத்தில் சொல்வேன் என்று நினைத்தாய், வெட்கத்தில் சொன்னேன், அது ஒன்றுதான் வித்தியாசம். அட்வான்ஸை அவன் குறையில்லாமல் கொடுத்துவிட்டான். அக்ரிமென்ட்டை ரத்து செய்ய வேணுகோபாலிடம் சொல்லியாகிவிட்டது.

நேற்று முன்தினம் ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லியிடம் கேட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். இலியாஸைப் பார்த்து நான் சொன்னது பொய், அவன் வாக்கில் நின்றவன், உங்கள் எல்லோர் முன்னாலும் அவனிடம் மாப்பு கேட்கிறேன், தொழுதூரில் சொந்தம் உள்ளவர்கள் தயவுசெய்து இதை அங்கே சொல்லுங்கள் என்றேன். இலியாஸ் வந்து என்னைக் கட்டிக்கொண்டான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வெளியே வரும்போது ஒருவர், கெட்ட எண்ணம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார், அப்ப யாரு பாய் வாக்கு மாறினது என்று. சுற்றி இருந்தவர்களும் என்னைப் பார்த்தார்கள். உன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்னொரு பொய் சொல்லவும் பயமாக இருந்தது, தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நான் பேசாமல் நின்றதை வைத்தே பாதிப் பேருக்குப் புரிந்திருக்கும்.

அடுத்த மாதம் குரும்பலூருக்குக் குடி போகிறோம். இந்த ஊரில் தினமும் ஐந்து வேளை அந்தப் பள்ளிவாசல் வாசலைத் தாண்டிப் போக எனக்குத் தெம்பு இல்லை. கையில் இருப்பதற்கு மாடிவீடுதான் கிடைத்தது, பதினாறு படி. அம்மா கைப்பிடியைப் பிடித்து இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து ஏறிப் பார்த்துவிட்டு, காத்து நல்லா வருதுங்க என்றாள். வளையலுக்கு என்று நீ பணம் அனுப்பிவிடாதே, வாங்கமாட்டேன்.

ஃபைஸாவை இதற்காக ஒன்றும் சொல்லாதே, அந்தப் பிள்ளை மேல் எனக்கு வருத்தம் இல்லை. பேத்திக்கு ஓதக் கற்றுக்கொடு, நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ. அல்லாஹ் உனக்குப் பரக்கத்தைத் தரட்டும், நீ வாங்கிய வீட்டில் நீங்கள் நெடுநாள் நிம்மதியாக வாழ வேண்டும், இதை மனதாரத்தான் எழுதுகிறேன். ஒன்றே ஒன்று மறக்காதே, இந்த வாரம் அம்மாவுக்குப் போன் செய். அவள் ஒன்றும் தெரியாதவள் போலத்தான் பேசுவாள். அந்த மெசேஜை அவள் கேட்டது உனக்குத் தெரிய வேண்டாம், பிள்ளை முகம் வாடிவிடும் என்று என்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள், நான்தான் எழுதிவிட்டேன். அந்த வீடு என்னப்பா இப்படி ஆயிடுச்சு என்று பேச்சுக்குக் கேட்பாள். அப்போது அந்த ஆளு சரியில்லம்மா என்று சொல்லிவிடாதே பிலால். நீ சொன்னால் அவள் அதற்கும் ஆமாம்ப்பா என்றுதான் சொல்வாள்.

இப்படிக்கு,
உன் அத்தா
ஜமால் முகமது