டிரைவர்கள் எல்லாம் பின்பக்கம்

நெல்லியாளம்
12.10.2002

அன்பு மகன் டெனினுக்கு அப்பா எழுதுவது. இங்கே மழையையும் அம்மாவின் இருமலையும் தள்ளிவிட்டால் எல்லோரும் நலம், நீயும் கை கால் சுகத்தோடு இருப்பாய் என்று கர்த்தரை நம்பி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதே, நானேதான். தபித்தாள் டீச்சர் சர்ச் ஹாலில் நடத்துகிற வகுப்பில் எனக்கு எழுத வந்துவிட்டது, பெரிய ற எங்கே சின்ன ர எங்கே என்பதில் மட்டும் இன்னும் தகராறு இருக்கிறது. இத்தனை வருஷம் நான் சொல்லச் சொல்ல உன் அக்கா கெஸியா எழுதினாள், ஆனால் என் கோபத்தையெல்லாம் வடிகட்டி, சர்க்கரை போட்டுத்தான் உனக்கு அனுப்பினாள். இந்தத் தடவை வடிகட்டி கிடையாது. என் வாயில் வருவது அப்படியே என் கையிலும் வருகிறது என்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, ஆனால் எழுதப்போகிற விஷயம்தான் குமட்டுகிறது.

முதலில் வீட்டுச் சங்கதி. நம் எஸ்டேட் ஃபேக்டரி இன்னும் திறக்கவில்லை. தேயிலைக் கொழுந்துக்கு விலை இல்லை என்று பறிக்காமல் விட்ட மலைகளில் செடி மரமாக நிற்கிறது, அம்மா தேவாலா பக்கம் கூலிக்குப் போய் வருகிறாள், சொன்னால் கேட்பதில்லை. கெஸியாவின் வீட்டுக்காரர் லூயிஸ் கடைசியில் திருப்பூர் போய்விட்டார். ஃபேக்டரி மூடின அன்றே துரை எல்லோரையும் நிற்க வைத்து அடுத்த மாதம் திறந்துவிடும், நல்ல வேலைக்காரன் யாரும் போய்விடாதீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அல்லவா, அதை நம்பி ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தது நம் மாப்பிள்ளைதான். நம்பாமல் அன்றைக்கே பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் இன்று சூப்பர்வைசர், இவர் அவர்களிடம் கைகட்டி நிற்கிறார்.

இப்போது உன் விஷயம். பூனாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் வேலை வருகிறது, ஆனால் இந்த வருஷத்துக் கடைசிக் கார்ப் பந்தயத்துக்கு முன்பே வந்து சேரச் சொல்கிறார்கள், இங்கே பந்தயம் நடத்துகிறவர் அடுத்த வருஷமும் உனக்கு வண்டி உண்டு என்கிறார், போகவா இருக்கவா என்று கேட்டு எழுதியிருந்தாய். பந்தயத் தொடரே தள்ளாடுகிறது, அதன் எதிர்காலத்தைப் பற்றிப் பேச அதை நடத்துகிறவர்கள் குன்னூரில் ஒரு ஹோட்டலில் கூடுகிறார்கள், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்றும் எழுதியிருந்தாய். நீ கோபப்படாதே, நான் போனேன். கடிதத்தில் எழுதிக் கேட்பதைவிட ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்பது மேல் என்று நினைத்தேன். சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறி, கூடலூரில் மாறி, ஊட்டியில் மாறி, வழியெல்லாம் போர்டுகளைப் படித்துக்கொண்டே போனேன்.

ஹோட்டல் வாசலில் பெரிய துணி கட்டி இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. உன் வண்டியின் படமும் இருந்தது, ஒரே ஆள் உட்காருகிற மாதிரி, நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு. வாட்ச்மேன் யார் என்று கேட்டான். டிரைவருடைய அப்பா, கூட்டத்துக்கு வந்திருக்கிறேன் என்றேன். டிரைவருங்க எல்லாம் பின்பக்கமுங்க என்று கையைக் காட்டினான். பார் டெனின், டிரைவர்களுக்கென்று தனி இடம் வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பெருமைதான். பின்னால் தகரக் கொட்டகையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உன்னோடு ஓடுகிறவர்கள் இவர்கள்தான் போலிருக்கிறது என்று பார்த்தால் எல்லோருக்கும் நாற்பதுக்கு மேல் வயது, பாதிப் பேருக்குத் தொப்பை. இவர்கள் எப்படி அந்தச் சின்ன வண்டிக்குள் நுழைகிறார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் தட்டை நகர்த்தி இடம் விட்டு, ஏனுங்க பெரியவரே, நீங்க எந்த வண்டிங்க என்று கேட்டார். நான் வண்டி இல்லீங்க, என் மகன்தான் பந்தயத்துல ஓட்டுறான் என்றேன். கொட்டகையே சிரித்தது. நாங்க பந்தயமெல்லாம் பர்லியாறு வளைவுலதாங்க ஓட்டுவோம், பின்னால மொதலாளி தூங்கோணும், எழுந்தா எங்க வேலை போச்சு என்றார் அவர். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கூட்டத்துக்கு வந்தவர்களின் கார் ஓட்டுகிறவர்கள் இவர்கள். நானும் சிரித்துவிட்டேன். சோறு போட்டார்கள். தேயிலை விற்கவில்லை என்று ஊரே அழுகிற மலையில் எனக்குக் குடிக்கக் காப்பி கொடுத்தார்கள்.

உன் பெயரைச் சொன்னதும், எனக்கு இடம் விட்டவர் சிரிப்பதை நிறுத்தினார். கை கழுவ என்று என்னைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பந்தயம் நடத்துகிறவருடைய காரை ஓட்டுவதே அவர்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறுகிற வரைக்கும் பின் சீட்டில் பேசிக்கொண்டு வந்ததை எல்லாம் சொன்னார். முன்னால் ஒருவன் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறான், அவனுக்கும் காது இருக்கிறது என்று அந்தப் பெரிய மனிதர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. விஷயம் இதுதான். ஆள் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பது இந்த வருஷத்தோடு சரி. அடுத்த வருஷத்திலிருந்து எந்த வீட்டில் பணம் கட்ட முடியுமோ அந்த வீட்டுப் பையனுக்குத்தான் வண்டி. உன்னைப்போல ஓட்டத் தெரிந்ததற்காக எடுத்த பையன்களிடம் இப்போதே சொன்னால் கலைந்துவிடுவார்கள், கடைசிப் பந்தயத்தில் வண்டி குறைந்தால் விளம்பரம் கொடுக்கிற கம்பெனி கைவிட்டுவிடும், அதனால் அதுவரைக்கும் இனிப்பாகப் பேசி வரிசையில் நிறுத்தி வைக்க வேண்டியது. பசங்கள நம்ப வெச்சு ஓட்டறாங்க பெரியவரே, உங்க பையன எங்காச்சும் பொழைக்கச் சொல்லுங்க என்றார். அவர் பெயரும் எனக்குத் தெரியும், எழுதவும் வரும், எழுதவில்லை.

தொடர் நஷ்டத்தில் போகிறது என்றால் மூடட்டும், அதில் எனக்குக் கோபம் இல்லை, நஷ்டம் என்றால் என்ன என்று இந்த மலையில் இருப்பவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வருகிற எதிர்காலத்தில் உனக்கு இடம் இல்லை என்று தெரிந்தே, அந்த எதிர்காலத்தைக் காட்டி உன்னை ஓட வைக்கிறார்களே, அதுதான் சீ என்று போய்விட்டது.

கூட்டம் முடிந்து பந்தயம் நடத்துகிறவர் வெளியே வந்தார். நல்ல சென்ட் வாசனை. நான் முன்னால் போய் டெனினுடைய அப்பா என்றேன். தோளில் கை போட்டுக்கொண்டு, அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, உங்க பையன் எங்களுக்குச் சொத்து மாதிரி, அடுத்த வருஷம் அவனுக்குத்தான் முதல் வண்டி, எங்கேயும் போயிட வேண்டாம்னு சொல்லுங்க என்றார். துரை சிரித்த அதே சிரிப்பு. கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நம் ஆள் தரையைப் பார்த்து நின்றார். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, டெனின். ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் போதும், இந்தக் கிழவனுக்கு இது எப்படித் தெரியும் என்று யோசித்திருப்பார், முன் சீட்டில் இருந்து அதைக் கேட்டது அந்த டிரைவர் ஒருவர்தான். அவர் என்னோடு சோறு தின்ற மனிதர். அதனால் சரிங்க, ரொம்ப நன்றிங்க என்றேன். அந்த மனிதருக்கு நான் நன்றி சொன்னேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துப்பிக்கொண்டே நடந்தேன், போகவில்லை, இன்னும் நாக்கில் இருக்கிறது.

பூனாவுக்குப் போ. உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை, நீ ஓட்டியதை நான் வந்து பார்த்தேன், வளைவில் மற்றவர்கள் வண்டி அலைந்தபோது உன்னுடையது கோடு போட்ட மாதிரி போனது, அதை யாரும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது. கடைசிப் பந்தயம் ஓடிவிட்டுப் போகிறேன் என்று மட்டும் கேட்காதே, அதற்காகத்தான் அவர்கள் உன்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த மனிதரிடம் சண்டை போடாதே, எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஏன் போகிறாய் என்று கேட்டால் அப்பா போகச் சொல்லிவிட்டார், பிடிவாதக்காரர் என்று சொல், பழி என் மேலேயே இருக்கட்டும்.

பூனாவில் குளிர் உண்டாம், அம்மா பின்னின ஸ்வெட்டரை மறக்காமல் எடுத்துப் போ. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போ. நீ போகிற வழியிலும் வருகிற வழியிலும் கர்த்தர் உன்னோடு இருப்பாராக, அம்மாவும் அக்காவும் உனக்காக ஜெபிக்கிறார்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பூனாக்காரர்களுக்கு வருகிறேன் என்று போன் செய்துவிடு. பந்தயத்தன்று கொடி அசைக்கும்போது வரிசையில் உன் வண்டி நிற்கிற இடம் காலியாக இருக்கட்டும், அதை அந்த மனிதர் நின்று பார்க்கட்டும்.

இப்படிக்கு, உன்னை எப்போதும் நினைக்கும் அப்பா,
கொர்னேலியஸ்
(என் கையெழுத்து)